பச்சை என்று சொன்னவள்

“சீனி போடாதீங்க!” என்று பாக்கியலெட்சுமி போட்ட சத்தத்தில், வாய்க்கரிசி போடக் குனிந்த மேட்டு லயத்துக்காரியின் கையிலிருந்து பாதி அரிசி கீழே சிந்திவிட்டது.

“என்னா புள்ள, செத்தவளுக்கு என்னா பத்தியம்? ஒரு வருஷமா இனிப்பே படாத வாயி. அரிசியோட துளி கலந்து அனுப்புவோமேன்னுதான்…”

“வேணாம்னா வேணாம். வெறும் அரிசி போடுங்க.”

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமியார் பெரியாயி போனதற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, இதில் அதிகாரம் வேறு! அவர்கள் அப்படி நினைத்ததிலும் தப்பில்லை. நேற்று மத்தியானம் பெரியாயி கண்ணை மூடியதிலிருந்து பாக்கியலெட்சுமி அழவே இல்லை. கொன்றவள் எந்த முகத்தோடு அழுவது என்பதுதான் அவள் நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பெரியாயி லேசுப்பட்ட மனுஷி இல்லை. தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவள். இழுப்பு என்றால் அப்படி ஓர் இழுப்பு. பனிக்காலத்தில் அவள் மூச்சு விடுவது நாலு வீடு தள்ளிக் கேட்கும். பதுளை ஆஸ்பத்திரியில் கொடுத்த சின்ன வெள்ளை மாத்திரைதான் ஐந்து வருஷமாக அவளை நடமாட வைத்தது. போன வருஷம் ஓயாத தாகம், ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து வெளியே போவது என்று தொடங்கியதும், மகன் வீரசிங்கமும் மருமகளும் ரயிலேற்றி அங்கேயே கூட்டிக்கொண்டு போனார்கள்.

“சீனி வருத்தம்மா, நீரிழிவு,” என்றார் டாக்டர். “மூச்சுக்குத் தர்ற மாத்திரையாலதான் வந்திருக்கு. ஆனா அதை நிப்பாட்ட ஏலாது. நிப்பாட்டினா ஆளே போயிருவீங்க.”

பாக்கியலெட்சுமி மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியாயியோ சிரித்தாள். “ஒரு விருந்தாளிய உள்ள விட்டேன், அவன் கூடவே இன்னொருத்தனையும் கூட்டியாந்துட்டான். என்னா செய்யிறது? ரெண்டு பேருக்கும் பாயப் போடுவோம்.”

பாயைத்தான் போட்டாளே தவிர, விருந்தாளிகள் ஆட்டிய ஆட்டத்துக்கெல்லாம் ஆடவில்லை. அன்றோடு சீனியை விட்டாள். லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே தேத்தண்ணி குடிப்பார்கள். இவள் நடுவில் உட்கார்ந்து வெறும் சாயத்தை உறிஞ்சுவாள். “இத்தன வருஷம் பறிச்சு இப்பத்தான்டி நம்ம கொழுந்தோட ருசி தெரியிது,” என்பாள். கண்ணில் பூ விழத் தொடங்கியபோதும் வேலைக்குப் போவதை நிறுத்தவில்லை. “கண்ணு எதுக்கு? இளசு எது முத்தல் எதுன்னு வெரலுக்குத் தெரியாதா?” என்று மருமகளின் கூடையைப் பிடித்துக்கொண்டே மலையேறினாள்.

காலையில் நிறம் பார்ப்பது மருமகளின் வேலை. கண்ணாடிக் குழாயில் ஆஸ்பத்திரியில் தந்த நீல மருந்தை ஊற்றி, அதில் மூத்திரம் எட்டுச் சொட்டு விட்டு, குப்பி விளக்கில் காய்ச்சவேண்டும். பச்சை வந்தால் நல்லது. மஞ்சள் சுமார். செங்கல் நிறம் என்றால் சீனி தலைக்குமேல் போய்விட்டது என்று அர்த்தம். பச்சைக்கு இரண்டு ரொட்டி, மற்றதற்கு ஒன்று. இது பெரியாயி தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம்.

ஒரு மாதத்துக்கு முன்னால் குழாய் செங்கல் நிறத்திலேயே நின்றுவிட்டது. ஒரு நாள், இரண்டு நாள், ஏழு நாள், முழுசாக ஒரு கிழமை. எழுபத்து நாலாம் வருஷம் அது, மாவுக்கே தட்டுப்பாடு. ஒற்றை ரொட்டியோடு, மங்கிய கண்ணோடு, மூச்சு வாங்க வாங்க அந்த மனுஷி மலையேறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க பாக்கியலெட்சுமியால் முடியவில்லை. எட்டாம் நாள் குழாயை மறைத்துப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டாள்.

“பச்சை, அத்தை.”

“அடி சக்கை! கொண்டா ரெண்டு ரொட்டிய!”

அந்த இரண்டாவது ரொட்டி பாக்கியலெட்சுமியின் பங்கிலிருந்து போனது. பெரியாயி ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதைச் சீலைத் துண்டில் முடிந்துகொள்வாள். “மலையில தின்னுக்கிறேன்.” இப்படியே மூன்று கிழமை, தினம் ஒரு பொய். கிளினிக் நாள் வந்தால் டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்று பாக்கியலெட்சுமி இருந்தாள். அதற்குள் மழை வந்து பெரியாயியின் நெஞ்சை அடைத்தது. தோட்டத்து டிஸ்பென்சரி மருந்தையா வந்து பார்த்தார். “சீனியில்ல, நெஞ்சுதான் தாங்கல,” என்றார். அதை மருமகள் நம்பவில்லை. தினமும் தன் கையால் விஷம் வைத்தோம் என்றே நினைத்தாள்.

வெளியே தப்பு மேளம் அடிக்கத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டு வேலாயி, பிறந்து ஒன்றரை மாதமான பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்து, பெரியாயியின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“தெனமும் எனக்கு ரொட்டி குடுத்த மகராசி, போயிட்டியே பெரியம்மா!”

பாக்கியலெட்சுமி அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள். “என்னா ரொட்டி?”

வேலாயி முதலில் சொல்லமாட்டேன் என்றாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள். “நீங்க குடுக்குற ரெண்டாவது ரொட்டிதான்க்கா. தெனமும் பேர் குடுக்கப் பெரட்டுக்குக் கெளம்புறப்ப, நீங்க கூடைய எடுக்குறதுக்குள்ள எங்க வாசல்ல நின்னு குடுத்துட்டுப் போவாங்க. பால் குடுக்குறவ தின்னுடின்னு. மருமக லெச்சுமிகிட்ட மூச்சு விடாதேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க.”

“ஒரு நாளாச்சும் அவுங்க தின்னாங்களா?”

“ஒரு நாளும் இல்லக்கா. ராத்திரி ஆறு தடவ எந்திரிச்சுத் தண்ணி குடிக்கிறவளுக்குக் கலர் தெரியாதாடின்னு சிரிப்பாங்க. பச்சைன்னு சொல்றப்ப அவ கொரல்ல ஒரு சந்தோசம் வருது, அதப் போயி ஏன் கெடுக்கணும்னாங்க.”

பாக்கியலெட்சுமி தரையில் ஓங்கி அறைந்தாள். “கள்ளி! ஏமாத்துக்காரி! என்னா நெஞ்சழுத்தம் ஒனக்கு அத்தை!” என்று அலறினாள்.  மறு நிமிஷம் பெரியாயியின் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு லயமே கேட்கும்படி அழுதாள். அவளைப் பிடித்து விலக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

தூக்க நாலு பேர் வந்தார்கள். மாத்திரையால் பெரியாயியின் முகம் உப்பி உருண்டையாக இருக்கும். கறுப்புக் கம்பளி ஒன்றை எப்போதும் போர்த்தியிருப்பாள். நல்ல கனமான ஆள் என்றுதான் தோட்டமே நினைத்திருந்தது. நாலு பேரும் துண்டை இறுக்கிக் கட்டி, காலை ஊன்றி, மூச்சைப் பிடித்துத் தூக்கினார்கள். பாடை எடையே இல்லாததுபோல் தோளைத் தாண்டி மேலே போய்விட்டது. முன்னால் நின்றவன் தடுமாறி, வீரசிங்கத்தைத் திரும்பிப் பார்த்தான்.

 பாடையை மெல்லத் தோளுக்கு இறக்கிக்கொண்டு நடந்தார்கள்.