ஆர்ச்சி குடித்தால் எல்ஸ்பெத்துக்கு ஏறும்

மதுவுக்குக் குறைந்தபட்ச விலை வைக்கும் சட்டம் ஸ்காட்லாந்தில் அமலுக்கு வந்த மே மாதத்திலிருந்து, கிரீனாக் என்ற ஊரில் கீழ்வீட்டு ஆர்ச்சி லோகன் குடித்ததெல்லாம் மேல்வீட்டு எல்ஸ்பெத் மக்கீக்கு ஏறியது. அவனுக்கு ஒன்றும் ஏறவில்லை. எல்ஸ்பெத் அம்மாள் ஒரு சொட்டுகூடத் தொட்டவளில்லை. கிறிஸ்துமஸ் புட்டிங்கில் பிராந்தி வாசம் வந்தால் தட்டைத் தள்ளிவைப்பாள். அந்தச் சட்டம் வேண்டுமென்று தேவாலய வாசலில் குடைபிடித்து நின்று கையெழுத்து வாங்கியவளும் அவள்தான். ஆர்ச்சியும் போட்டான். அவள் பேனாவை நீட்டினால் மறுக்கிற தைரியம் அந்தத் தெருவில் யாருக்கு உண்டு?

நாலு பவுண்டுக்குக் கிடைத்த பெரிய பாட்டில் சைடர் என்ற ஆப்பிள் மது பதினொன்றைத் தாண்டியதும், இந்த விலைக்கு வோட்காவே மேல் என்று ஆர்ச்சி மாறிக்கொண்டான். விலை ஏறினால் குடி குறையும் என்பது குடியை விட முடிந்தவர்களுக்குச் சரி. அவன் முதலில் மத்தியானச் சாப்பாட்டை விட்டான், அப்புறம் ஹீட்டரை அணைத்தான், அப்புறம் டிவியை விற்றான். அப்படியும் குடிக்கக் குடிக்கக் கை நடுக்கம் கூடியதே தவிர நிற்கவில்லை. மேலேயோ எல்ஸ்பெத் அம்மாள் வெறும் தேநீரைக் குடித்துவிட்டுக் கால்பந்து ரசிகர்களின் கெட்ட பாட்டொன்றை வரி பிசகாமல் பாடினாள். அந்த வரிகள் அவளுக்கு எப்படித் தெரியும் என்பதில்தான் அந்தப் படிக்கட்டில் குடியிருந்தவர்களுக்கெல்லாம் ஆச்சரியம். ஞாயிற்றுக்கிழமை போதகரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பிரசங்கம் நீளம் என்று தேம்பினாள்.

கீழே மூடி திருகும் சத்தம் கேட்டால் தனக்குத் தலை சுற்றுகிறது என்று பிடிபட்ட நாளில், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கிப்போய் அவன் கதவைத் தட்டினாள். அன்றைக்குப் பார்த்து மற்ற வீடுகளில் யாரும் கதவைச் சாத்தவில்லை.

"நிறுத்துடா ஆர்ச்சி! என்னால நேரா நிக்க முடியல."

"காசு குடுக்கறது நான், ஆடுறது நீங்க. இது எந்த ஊர் நியாயம், மிசஸ் மக்கீ?"

"நான் வாயிலயே வெச்சதில்ல!"

"அதான் உங்களுக்குச் சல்லிசா முடியுது. பாதிக் காசாவது தாங்களேன்."

கேலிதான் செய்தானே தவிர, பெரியவளை அந்தக் கோலத்தில் பார்க்க அவனுக்கே வெட்கமாகிவிட்டது. அன்றே நிறுத்தினான். அவள் தெளிந்து எழுந்து ஜன்னல் துடைத்தாள், ஜெயித்தோம் என்று நினைத்தாள். இரண்டொரு நாளில் ஆர்ச்சி வலிப்பு வந்து படிக்கட்டில் விழுந்தான்.

குடிநோயாளிகளைப் பார்க்க வரும் நர்ஸ் மொராக் எல்ஸ்பெத் அம்மாளை ஓரமாக அழைத்தாள். "வருஷக்கணக்கா குடிச்ச ஒடம்பு. திடீர்னு நிறுத்தினா ஆளே போயிடுவான்மா. கொஞ்சங்கொஞ்சமாத்தான் குறைக்கணும். ஆஸ்பத்திரியில படுக்கை கிடைக்க வாரக்கணக்காகும்."

"அவன் குடிச்சா எனக்கில்ல ஏறுது?"

மொராக் யோசித்தாள். "அதுக்கு எங்ககிட்ட மருந்து இல்லம்மா."

அவனுடையது தனக்கு ஏறுமானால் தன்னுடையது யாருக்கு ஏறும் என்று எல்ஸ்பெத் அம்மாளுக்கு அப்போதுதான் தோன்றியது. தலையில் முக்காடு போட்டுக்கொண்டு கடைக்குப் போய், கண்ணை மூடி ஒரு ஷெர்ரி ஒயின் பாட்டிலைக் காட்டினாள். அதன் விலை முன்பே சட்டம் சொன்னதற்கு மேல் இருந்ததால் ஒரு பென்னிகூட ஏறவில்லை என்று கடைக்காரர் சொன்னார். சட்டம் யாரைத் தொட்டது, யாரைத் தொடவில்லை என்று நடைபாதையிலேயே நின்று குழம்பினாள். வீட்டுக்கு வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு டம்ளர் குடித்தாள். அவளுக்குக் கசந்தது, அவ்வளவுதான். கீழே ஆர்ச்சியின் கை நடுக்கம் நின்றது. அவன் ஒரு முட்டையை உடைத்து, ஓடு விழாமல், பொரித்தான்.

அதன்பிறகு காலையும் மாலையும் அவள் குடித்தாள். மொராக் சொன்ன அளவில், வாரத்துக்கு வாரம் கொஞ்சம் குறைத்து. தேவாலயத்தில் அவளைக் குடிகாரி என்றார்கள், அவனைத் திருந்தியவன் என்றார்கள். இரண்டையும் அவள் மறுக்கவில்லை. எது சரி என்று அவளுக்கே தெளிவில்லை. ஆஸ்பத்திரியில் படுக்கை காலி என்று செய்தி வந்தபோது கோடை முடிந்திருந்தது. ஆர்ச்சி, இங்கேயே சௌகரியம் என்று சொல்லிவிட்டான்.

நவம்பரில் ஒருநாள் கீழேயிருந்து கூப்பிட்டான்: "மிசஸ் மக்கீ! இன்னிக்கு ஒரு கரண்டி குறைச்சீங்களா?"

"ஆமா. தாங்குதா?"

"தாங்குது. ஆனா நாளைக்குக் குறைக்காதீங்க."

படி துடைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாள் எல்ஸ்பெத் அம்மாள் அதே அளவைக் குடித்துவிட்டுப் தேவாலயப் பாட்டுப் பயிற்சிக்குக் கிளம்பினாள்.