பிரிக்கும் கைக்கு மேலே ஒரு கேமரா

கல்லூரிப் படிவத்தில் அம்மாவின் கையெழுத்து வாங்க வந்த அனுஷ்கா, போடி ஏலக்காய்க் கடையின் தரம் பிரிக்கும் கூடத்தில் நுழைந்ததும் நின்றுவிட்டாள். அம்மா ஜக்கம்மாவின் தலைக்கு மேல் கம்பியில் ஒரு கேமரா தொங்கியது. பச்சைக் காய் ஒரு தட்டுக்கு, வெளுத்தது ஒரு தட்டுக்கு, வெடித்தது ஒரு தட்டுக்கு. இருபது ஆண்டுகளாகக் கண்ணை முந்தி ஓடும் அந்தக் கைகளை அது இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

“மூணு நாளா என்னையத்தேன் படம் புடிக்கிறாக,” என்றாள் ஜக்கம்மா பெருமையாக.

“சினிமாக்காரி ஆயிட்டா ஒங்காத்தா. இனி நம்மகூடப் பேசுவாளா?” என்று பக்கத்திலிருந்த கிருபாவதி சீண்டினாள்.

அனுஷ்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலை கல்லூரியில், செயற்கை நுண்ணறிவுப் பாடத்தின் அறிமுக வகுப்பில் கேட்டது நெஞ்சில் இடித்தது: மனிதர் பிரித்துக் காட்டுவதை ஆயிரமாயிரம் முறை பார்த்தே இயந்திரம் பிரிக்கக் கற்கிறது. ‘இதை ஏன் கற்க விரும்புகிறாய்?’ என்ற படிவத்தின் கேள்விக்கு வகுப்பே எழுதியதைத்தான் அவளும் எழுதியிருந்தாள்: பெங்களூரில் வேலை, கை நிறையச் சம்பளம். எவருடைய கையை வெறுமையாக்கி அந்தக் கை நிறையும் என்று படிவம் கேட்கவில்லை. அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னாள்: “அம்மா, நீ பிரிக்கிறதப் பாத்து மிசினு படிக்குது. படிச்சு முடிச்சதும் இங்கன ஒருத்தருக்கும் வேல இருக்காது.”

கிருபாவதியின் சிரிப்பு அறுந்தது. ஜக்கம்மா நிமிரவில்லை.

“நீயும் அதத்தேன படிக்கப் போற?”

அனுஷ்கா பேனாவை எடுத்தாள். படிவத்தைச் சுவரில் அழுத்தி, எழுதியதை அடித்தாள். ‘என் தாயின் திறமையை அவளுக்குச் சொல்லாமல் எடுத்துக்கொள்பவர்களிடம் நியாயம் கேட்க’ என்று எழுதி நீட்டினாள். ஜக்கம்மா வாங்கவில்லை.

“ஏத்தா ஜக்கம்மா, மாத்திப் போடு,” கிருபாவதி கிசுகிசுத்தாள். “பச்சைய வெளுத்ததுல போடு. குழம்பிச் சாகட்டும் அந்த மிசினு.”

“தட்டப் பாத்தாலே யாரு பிரிச்சதுன்னு மொதலாளிக்குத் தெரியும். எம்பேரு என்னாகும்?”

சொல்லும்போதே அவள் கை நின்றுவிட்டிருந்தது.

“என்ன ஜக்கம்மா, கை நிக்குது?” வாசலிலிருந்து முதலாளி காமராஜின் குரல் வந்தது.

“நிக்கலங்கய்யா.”

அவள் ஒரு காயை எடுத்தாள். முற்றிய பச்சை, கீறலே இல்லை. அதன் இடம் எதுவென்று கூடத்தின் முப்பது பெண்களுக்கும் தெரியும். வெளுத்த காய்களின் தட்டுக்கு மேலே, கேமராவுக்கு நேர் கீழே, அந்தக் கை போய் நின்றது. விரல்கள் இன்னும் திறக்கவில்லை.