நிர்மலாவின் கழுத்துக்குள் ஒரு கவுளி

கழுத்தை நெட்டி முறிப்பது நிர்மலாவுக்கு மூச்சு விடுகிற மாதிரி. மைசூரில் காப்பீட்டு ஆபீஸ் ஒன்றில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைப் பார்க்கிற கழுத்து அது. தலையை ஒரு சாய்ப்புச் சாய்த்தால் 'டக்'கென்று பேசும். "தானா சத்தம் வந்து, வலியும் இல்லேன்னா பயமில்லம்மா. கையால பிடிச்சு மட்டும் திருகாதீங்க" என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை வரை அவளும் கேட்டு நடந்தாள்.

அன்று கௌதள்ளியிலிருந்து மதன் வீட்டார் அவளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மதனும் அவளும் மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்தான். பெரியவர்கள் பார்த்து முடித்ததாக இருக்கட்டும் என்று இந்தக் கூத்து. மதனின் அம்மா சித்தம்மாவுக்குச் சம்மதம். பாக்கி அவருடைய அண்ணன் அய்யாசாமி மாமாதான். கவுளி என்று அவர் சொல்லும் பல்லியின் சத்தத்தில் சகுனம் பார்க்காமல் பஸ்கூட ஏறமாட்டார். அவர் வேண்டாம் என்றுவிட்டால் அந்தக் குடும்பத்தில் மறுபேச்சு கிடையாது.

மாமா கேசரிபாத்தை முடித்துக் கையைத் துடைத்தார். "சாதகமெல்லாம் இருக்கட்டுங்க. இந்த எடம் அமையுமா, அமையாதா..." என்று இழுத்தார். நிர்மலாவின் பாழாய்ப்போன கழுத்து தானாக வலப்பக்கம், தெற்குச் சுவரை நோக்கிச் சாய்ந்தது.

டக்.

"கவுளி சொல்லிப்போட்டுது!" மாமா துள்ளினார். "தெக்குச் செவுருங்க. தெக்கால சொன்னா ஆகாதுங்க."

மதனுக்கு முகம் செத்துவிட்டது. அது யாருடைய சத்தம் என்று அவனுக்குத் தெரியும். நிர்மலா யோசிக்கவேயில்லை. தலையை இடப்பக்கம் சாய்த்தாள். டக்.

"அட, வடக்கால! வடக்குன்னா ஜெயமுங்க." மாமா மோவாயைச் சொறிந்தார். "ஆனா ரெண்டும் ஒண்ணையொண்ணு வெட்டுதே. மூணாவதா ஒண்ணு சொன்னாத்தான் முடிவு."

எல்லாரும் சுவர்களை அண்ணாந்து பார்த்தார்கள். நிர்மலாவின் அப்பா பூனை மாதிரி போய் ஃபேனை நிறுத்தினார். அவள் சாய்த்தாள், இன்னும் சாய்த்தாள். ஒன்றுமில்லை. ஒருமுறை நெட்டி விட்ட கழுத்து அவ்வளவு சீக்கிரம் மறுபடி பேசுமா? மூன்று வருஷம் ஒரு பல்லியிடம் மாட்டிக்கொண்டதே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மோவாயை இரண்டு கையாலும் பிடித்து வடக்கே ஒரே திருகு.

'டக்' வரவில்லை. "ஐயோ, அம்மா!" என்று அவள்தான் அலறினாள். முகம் ஃப்ரிட்ஜைப் பார்த்தபடி மாட்டிக்கொண்டது.

"என்ன அம்மிணி, என்னாச்சு?" என்று மாமா பதறினார்.

"மாமா, அந்தக் கவுளி நான்தான்!" ஃப்ரிட்ஜைப் பார்த்தே அழுதாள். "ரெண்டும் என் கழுத்துச் சத்தம். உங்கள ஏமாத்திட்டேன். ஆனா எனக்கு மதன்தான் வேணும்."

மாமாவின் காது சிவந்தது. "மனுசக் களுத்துக்கா நான் சகுனஞ் சொன்னேன்?"

சித்தம்மா எழுந்தார். "புள்ளைக்குக் கண்ணு பட்டுருச்சு" என்று அவள் கன்னம் இரண்டையும் வழித்து, பத்து விரலையும் தன் நெற்றிப் பொட்டில் மடக்கி அழுத்தினார். சடசடவென்று பத்தும் முறிந்தன.

"அண்ணா, எந்தெந்தச் செவுருன்னு நீயே எண்ணிக்க. ஒண்ணாச்சும் வடக்கா இருக்கும். இப்ப எம் மருமகள டாக்டருகிட்டக் கூட்டிப் போகோணும்."

மாமா தன் செருப்பைத் தேடிக்கொண்டே, "ஆட்டோவுக்குச் சொல்லுங்க" என்றார்.

நிர்மலாவுக்கு உடனே மதனைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. தலை அசையவில்லை. அவன் எழுந்து வந்து ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நின்றுகொண்டான்.