எந்தச் சம்பந்தமும் இல்லை

“ஒரே ஒரு கையெழுத்துதான்க்கா. உன் உயிரையா கேக்கறேன்?”

தம்பி காகிதத்தை அக்காவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். பேனாவின் மூடியையும் தானே கழற்றி வைத்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம். மேசையைச் சுற்றி நான்கே பேர்: தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய ஒரே மகள், அக்கா. அக்காவின் தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். மூன்றே வரிகள். ‘நான் வெளியிட்ட பட்டியல் பொய்யானது. அதற்காக வருந்துகிரேன். இனிமேல் பொது விஷயங்களில் தலையிட மாட்டேன்.’ கீழே அவள் பெயர், கையெழுத்துக்கு இடம்.

“வருந்துகிறேன்ல ஒரு எழுத்து தப்பா அடிச்சிருக்கான்” என்றாள்.

“இப்ப அதுவா முக்கியம்?” என்று தம்பி மனைவி கரண்டியை ‘டங்’கென்று வைத்தாள்.

அக்கா இருபத்தாறு வருடம் ராணுவத் தலைமை அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள். கண் தானாகப் பிழையில் போய் நிற்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆறு வருடங்களுக்கு முன்பு எல்லையில் சண்டை நடந்தபோது, இறந்த வீரர்களின் பட்டியல் அவள் மேசைக்குத்தான் வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். ஐந்து படிகள் எடுத்தாள். மூன்றாம் நாள் மேலதிகாரி கதவைச் சாத்திவிட்டு வேறொரு கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார். அதில் இறந்தவர்கள் தொண்ணூற்று மூன்று பேர். மீதி முந்நூற்றுப் பத்தொன்பது பெயர்களுக்கும் தனித் தாள், தனித் தலைப்பு: ‘களத்திலிருந்து தப்பி ஓடியவர்கள்.’

அவள் தாளை இயந்திரத்தில் செருகினாள். விரல் அசையவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்; பழைய பட்டியலின் ஒரு படி சாப்பாட்டுப் பையின் அடியில் கூடவே போனது. எந்தப் பத்திரிகையும் அதைக் கையால் தொடவில்லை. கடைசியில் அவளே ரயில் நிலையத்துப் படிக்கட்டில் ஏறி நின்று பெயர்களை ஒவ்வொன்றாக உரக்க வாசித்தாள். அறுபத்தோராவது பெயரில் போலீஸ் வந்து பட்டியலைப் பிடுங்கிக்கொண்டது. ஐந்து வருடச் சிறை.

வெளியே வந்து எட்டு மாதம் ஆகிறது. தம்பி வீட்டில் தட்டுமுட்டுச் சாமான்கள் போட்டிருந்த பின்னறையைக் காலி செய்து கொடுத்திருந்தார்கள். தெரு அவளுக்கு ‘லிஸ்ட்டக்கா’ என்று பெயர் வைத்தது, முதுகுக்குப் பின்னால். மளிகைக் கடைக்காரர் சாமானை அவள் கையில் கொடுக்காமல் மேடையில் வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். பழைய அலுவலகத் தோழி ஒருத்தி எதிரே வந்தவள், செருப்பு அறுந்ததைப்போலக் குனிந்து, இவள் கடந்து போகும்வரை நிமிரவேயில்லை. சிறையில் பக்கத்து அறைக்காரி இருமினால் இவளும் பதிலுக்கு இருமுவாள். பேசத் தடை இருந்த அந்த இடத்தில் அது ஒரு பேச்சாக இருந்தது. இங்கே இவள் இருமினால் தம்பி மனைவி எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவாள்.

இப்போது மகளுக்குக் கல்யாணப் பேச்சு. மாப்பிள்ளை, மகள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலேயே ஆசிரியர். இரண்டு வருடமாக இருவருக்கும் மனசு ஒத்துப்போயிருந்தது. ஆனால் மாப்பிள்ளையின் அப்பா அரசாங்கத்தில் பெரிய இடத்தில் இருக்கிறவர். ‘பெண் தங்கம். அத்தைதான் இடிக்கிறது’ என்று சொல்லி, இந்தக் காகிதத்தையும் அவரே கொடுத்தனுப்பியிருந்தார்.

“வீட்ல நிம்மதி வேணும்க்கா” என்றான் தம்பி. “நீயும் சமாதானம் சமாதானம்னுதானே படிக்கட்டுல நின்னு கத்தினே?”

“வாயைப் பொத்திக்கிட்டு இருக்கறதுக்குப் பேரு சமாதானம் இல்லடா. தொண்ணூத்தி மூணு பேருன்னா ஜனங்க கைதட்டுவாங்க. நானூத்தி பன்னெண்டுன்னா அடுத்த சண்டைக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிப்பாங்க. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் போனேன்.”

“யோசிச்சாங்களா?”

யோசித்ததாக அவளுக்கும் தெரியவில்லை.

“சரி. நீ ஜனநாயகம்னு வாய் கிழியப் பேசுவே இல்ல? இங்கேயே வச்சுப்போம். நாலு பேரு இருக்கோம். அக்கா கையெழுத்துப் போடணும்கறவங்க கை தூக்குங்க.”

கிண்டலாகத்தான் ஆரம்பித்தான். ஆனால் கையைத் தூக்கியபின் அவன் முகத்தில் கிண்டல் இல்லை. தம்பி மனைவி உடனே தூக்கினாள். மகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அத்தையின் மடியில் உட்கார்ந்து தட்டச்சுப் பொறியில் எழுத்துப் படித்தவள். அவளுடைய வலது கை சாப்பாட்டோடு இருந்தது. இடது கையை மெல்லத் தூக்கினாள்.

“மூணுக்கு ஒண்ணு” என்றான் தம்பி. “தோத்துட்டேக்கா.”

“தோத்துட்டேன்” என்று அவளும் ஒப்புக்கொண்டாள். பேனாவை எடுத்தாள். அவள் மூடியைப் பேனாவில் மாட்டித் தம்பியின் சட்டைப் பையில் செருகினாள்.

“வீட்டுக்கு என்ன சாயம் பூசறதுன்னு கை தூக்குங்க, ஒத்துக்கறேன். நான் இந்த வீட்ல இருக்கணுமா வேண்டாமான்னு தூக்குங்க, அதையும் ஒத்துக்கறேன். கண்ணால பாத்ததைப் பாக்கலைன்னு நான் சொல்லணும்னு, ஊரே சேந்து ரெண்டு கையையும் தூக்கினாலும் ஆகாதுடா. ஜனநாயகம்னா தலையை எண்றது மட்டும் இல்ல. தூக்காத கைக்கும் மறுநாள் அதே மேசையில தட்டு வைக்கணும்.”

“அப்ப எங்க பொண்ணு வாழ்க்கை?” தம்பி மனைவியின் குரல் உடைந்தது. அவள் கெட்டவள் இல்லை. ஐந்து வருடம் மாதம் தவறாமல் சிறைக்குத் துணி துவைத்து அனுப்பியவள் அவள்தான், யாருக்கும் தெரியாமல், வேறொரு பெயரில். “சொல்லுங்க அண்ணி, அவ என்ன பாவம் பண்ணா?”

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“நான் போயிடறேன்” என்றாள்.

போக வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை ஒரு பெட்டியோடு கிளம்பினாள். தெரு முனைவரை மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வழி நெடுகத் திரைச்சீலைகள் லேசாக விலகி மூடின.

“அத்தை, அன்னைக்கு நான் கை தூக்கினது...”

“ஆசைப்பட்டுத் தூக்கினியா, பயந்து தூக்கினியா?”

மகள் யோசித்தாள். “ஆசைப்பட்டுத்தான்.”

“அப்ப எதுக்கு அழறே? உனக்குப் புடிச்சதுக்கு எனக்கு எதிரா நீ கை தூக்கலாம். அதுக்கப்புறமும் என் பொட்டியைத் தூக்கிட்டு வரலாம். இவ்வளவுதான்டி சுதந்திரம். இதைச் சொல்றதுக்கா அஞ்சு வருஷம் உள்ள வச்சாங்கன்னு இருக்கு எனக்கு.”

மகள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

சைக்கிள் பழுது பார்க்கும் கடையின் மாடியில் ஓர் அறை கிடைத்தது. கடைக்காரருக்குக் காது மந்தம். ஊர்ப் பேச்சு அவரை எட்டவில்லை என்பதே அந்த அறை கிடைத்ததற்குக் காரணம். பழைய தட்டச்சுப் பொறி ஒன்றை வாங்கி ஜன்னலோரம் போட்டாள். மனு, விண்ணப்பம் அடித்துத் தருவதாக வாசலில் அட்டை தொங்கியது. வாரத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். வேலை இல்லாத நேரத்தில் விரல் மறந்துவிடக் கூடாது என்று எதையாவது அடித்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் முழுக்கத் தான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது மாலையில்தான் ஞாபகம் வந்தது. ‘யாரு?’ என்று கதவைப் பார்த்து ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். குரல் கரகரத்தது.

பத்தாம் நாள் தம்பி வந்தான். நின்றபடியே அறையைச் சுற்றிப் பார்த்தான்.

“சாப்பிடறியாக்கா ஒழுங்கா?”

“சாப்பிடறேன். உக்காரு.”

உட்காராமல் ஒரு காகிதத்தை நீட்டினான். பத்திரிகையில் போடும் அறிவிப்பு. ‘இன்ன பெயருள்ள என் அக்காவுக்கும் எனக்கும் என் குடும்பத்துக்கும் இன்று முதல் எந்தச் சம்பந்தமும் இல்லை.’

“நீ வீட்டை விட்டுப் போனது பத்தாதாம். ஊரறியப் போடணுமாம். காரணமும் தெளிவா இருக்கணுமாம். பொதுவா எழுதினா ஏதோ சொத்துத் தகராறுன்னு நினைப்பாங்கன்னு சம்பந்தி சொல்றார்.” தலையைத் தூக்காமலே சொன்னான். “எனக்கு எழுத வரலைக்கா. மூணு தடவை கிழிச்சுப் போட்டுட்டேன்.”

அவள் காகிதத்தை வாங்கினாள். “குடு. நான் அடிச்சுத் தரேன்.”

“அக்கா...”

“உன் கையெழுத்து கோழி கிறுக்கின மாதிரி இருக்கு. அச்சுக் கோக்கறவன் தப்பாப் போட்டுடுவான்.”

வெள்ளைத் தாளைச் செருகினாள். பொறி தடதடத்தது. கால் மணி நேரத்தில், தலைப்பில் தன் முழுப் பெயரும் வர அடித்து முடித்து, எடுத்து அவனுக்கு உரக்கப் படித்தும் காட்டினாள்: “எல்லைச் சண்டையில் இறந்த வீரர்கள் தொண்ணூற்று மூன்று பேர் அல்ல, நானூற்றுப் பன்னிரண்டு பேர் என்றும், ஓடிப்போனவர்களாக அறிவிக்கப்பட்டவர்களும் அவர்களில் அடக்கம் என்றும், அந்தப் பெயர்களைத் தம் கையாலேயே தட்டச்சு செய்ததாகவும் என் அக்கா இன்றுவரை கூறி வருவதாலும், அக்கருத்தை மாற்றிக்கொள்ள மறுத்துவிட்டதாலும், அவருக்கும் எங்களுக்கும் இனி எந்தச் சம்பந்தமும் இல்லை.”

“காரணம் தெளிவா இருக்கா?” என்றாள்.

“இருக்கு.”

“இதுல பொய் ஏதாவது இருக்கா?”

தம்பி தாளை வாங்கி மறுபடி முதலிலிருந்து படித்தான். அவனுக்குப் புரிந்ததா இல்லையா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. “இல்லக்கா” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பிறகு போய்விட்டான்.

சம்பந்தி படித்துவிட்டு, இதைவிடத் தெளிவாக யாராலும் எழுத முடியாது என்று பாராட்டினாராம். விளம்பரப் பகுதி குமாஸ்தா குடும்பச் சண்டைதானே என்று வரிகளை மட்டும் எண்ணி வாங்கிக்கொண்டான். செய்தியென்றால் கமாவைக்கூடத் தணிக்கை செய்யும் பத்திரிகையில், வெள்ளிக்கிழமை ஏழாம் பக்கத்தில், வாடகை வீட்டு விளம்பரத்துக்கும் தொலைந்துபோன சான்றிதழுக்கும் நடுவில் அது வந்தது. சனிக்கிழமை அதிகாரிகள் தம்பியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். “அவளை எதிர்த்துத்தானே சார் போட்டிருக்கேன்” என்றான். அரசாங்கத்துக்காகச் சொந்த அக்காவையே தலைமுழுகியவனை என்னவென்று தண்டிப்பது? அனுப்பிவிட்டார்கள்.

கல்யாணம் நடந்தது. அவளுக்கு அழைப்பு இல்லை. அன்று காலை குளித்து, இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, ஜன்னலோரம் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாள்.

மறு வாரம் கதவு தட்டப்பட்டது. வாசலில் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண். சலவைக்காரி, வெந்நீரில் ஊறி ஊறி விரல் நுனிகள் வெளுத்திருந்தன. நான்காக மடித்த பத்திரிகைத் துண்டை நீட்டினாள். ஊர் ஊராக விசாரித்து வந்திருக்கிறாள் என்பது செருப்பைப் பார்த்தாலே தெரிந்தது.

“எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. பக்கத்து வீட்டுப் பொண்ணு படிச்சுச் சொல்லுச்சு. இதுல போட்டிருக்கற அக்கா நீங்களா?”

“நான்தான். உள்ள வாங்க.”

அவள் உள்ளே வரவில்லை. “என் மகன் ஓடிட்டான்னு காயிதம் குடுத்தாங்க. ஆறு வருஷமா எங்க தெருவுல என்கிட்ட யாரும் துணி போடறதில்ல. ஓடினவனைப் பெத்தவன்னு... ஒளிச்சு வச்சிருக்கேன்னு வீட்டைக்கூடத் தோண்டிப் பாத்தாங்க. நானும் ஒரு நாளைக்கு வந்துடுவான்னு கதவைத் தாப்பாப் போடாமயே இருந்தேன்.” மூச்சு வாங்கியது. “அந்தப் பேருங்க உங்களுக்கு ஞாபகம் இருக்குமா?”

“பேரைச் சொல்லுங்க.”

சொன்னாள். ஊரையும் தகப்பன் பெயரையும் சேர்த்துச் சொன்னாள்.

அக்காவின் விரல்கள் புடவைத் தலைப்பின் மேல் அந்தப் பெயரை அடிப்பதுபோலத் தாமாக அசைந்தன. படிக்கட்டில் வாசிக்க நேரம் கிடைக்காத பெயர்களில் ஒன்று அது. பட்டியலில் இல்லை என்று சொன்னால் அந்த வீட்டுக் கதவு இன்னும் திறந்தே இருக்கும். சலவைக்காரி அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றாள்.

“இருந்துச்சும்மா. மூணாம் பக்கத்துல.”

சலவைக்காரி அழுவாள் என்று அவள் எதிர்பார்த்தாள். அவளோ முதுகை நிமிர்த்தினாள்.

“அப்ப அவன் ஓடல.”

“ஓடல.”

“இதை அடிச்சுக் குடுங்கம்மா. பேரு, ஊரு, ஓடலைங்கறது. எங்க தெருவுல ஒவ்வொரு வீட்டுக் கதவுலயும் ஒட்டணும்.”

“உங்களைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்க.”

“எத்தனை வீடு இருக்குன்னு கேளுங்க முதல்ல” என்றாள் அவள், உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. “நாப்பத்தி ஏழு.”

அக்கா பொறியில் தாளைச் செருகினாள்.