அழிக்க வேண்டிய களம்

ராஜமணி மூன்று மாதம் பாடுபட்டு எழுதிய படத்தின் முன்னால் ஈச்சன் காணி நின்றான். தோளில் தொங்கிய தேன் குடுக்கையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

ராஜமணி போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா தோட்டத்து கிளார்க். தோட்டத்துக்கு மேலே, காட்டுக்குள் காணிக்காரர் என்னும் மலைவாசிகளின் குடியிருப்பு. அவர்கள் கொக்கரை என்னும் இரும்புக் குழலை உரசிப் பாடும் ஓசை இறங்கி வந்தால், சின்னப் பெண்ணாக இருந்தபோது சோற்றுக்கையோடு வாசலுக்கு ஓடுவாள். இப்போது முப்பத்தொரு வயது. நகரத்தில், கரமனையில் வாடகை வீடு, பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர் வேலை. தாமரையில் உட்கார்ந்த லக்ஷ்மி படம் கேட்டு வந்தவர்களை இரண்டு வருஷமாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். மலைச் சாமிகளுக்கு முகம் கிடையாது. கல்லும் மரமும் சாம்பல் கோடும்தான். அதைச் சாயத்தில் கொண்டுவராமல் விடுவதில்லை என்று இருந்தாள்.

போன வருஷம், 1952இல், அண்ணன் மகளுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தது. மலைக் குடியிருப்பிலிருந்து ஈச்சன் வந்து தரையில் சாம்பலாலும் கரியாலும், நோய் தீர்க்கும் கோலமாக, ஒரு களம் எழுதிப் பாடினான். கோட்டுக்குள் கோடாகச் சுருண்டு, நடுவில் கண்போல முடியும் உருவம். அதைத்தான் ராஜமணி ஆள் உயரத் துணியில் நட்டநடுவே எழுதியிருந்தாள். நகரத்துச் சித்திரக் கண்காட்சிக்குப் படம் தேர்வாகியும் விட்டது. பழவங்காடிச் சந்தைக்குத் தேன் விற்க வந்த ஈச்சனை அந்தப் பெருமையோடுதான் வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

"எப்பிடி இருக்கு, காணியண்ணே?"

"பாடி முடிச்சதும் நான் என்ன செய்தேன், டீச்சரே?"

"கையால துடைச்சீங்க."

"துடைச்சாத்தான் பிள்ளைக்குத் தீனம் போகும். அழியாம இருந்தா அது அங்கேயே குத்தவச்சிருக்கும். இதை எப்போ துடைப்பீங்க?"

"இது வெறும் படம்தானே அண்ணே."

"வெறும் படத்துக்கா மூணு மாசம்?" என்றான் ஈச்சன். அவன் குரலில் கோபம் இல்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்." அவ்வளவுதான் சொன்னான். காப்பி குடித்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

கண்காட்சிக்கு நான்கு நாள் இருந்தது. ராஜமணிக்கு முதலில் ஆத்திரம் வந்தது. ஊர் முழுக்கப் பார்க்கப் போகிற படம்! பிறகு, கேட்கவே தோன்றாமல் போனதே என்ற வெட்கம் வந்தது. வெட்கம்தான் நிலைத்தது. மறுநாள் காலை சாயம் குழைக்கும் கத்தியை எடுத்து அந்தக் கண்ணிலிருந்து சுரண்ட ஆரம்பித்தாள். கோடு முழுவதும் போகும்வரை கை நிற்கவில்லை. பிறகு அந்த இடத்தில், கை துடைத்துப்போன வெறும் மண்ணை எழுதினாள். ஐந்து விரலின் தடமும், கலங்கிய சாம்பலும் மட்டும்.

கண்காட்சிச் செயலாளர் கல்யாணராமன் படத்தைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"என்னம்மா இது? நடுவுல ஒண்ணுமே இல்லியே! கமிட்டி செலக்ட் பண்ணினது அந்தச் சக்கரத்தையாக்கும்."

"அது காணிக்காரங்க களம், நான் எழுதக்கூடாதது சார். கேக்காம எழுதிட்டேன்."

"காட்டுக்காரன் சொன்னான்னு அழிச்சேளா? திரும்பப் போட்டுடுங்கோ. நடு ஹாலில் மாட்டறேன்."

"போட மாட்டேன். இதுதான் படம். மாட்டுங்க, இல்லேன்னா இப்பவே கொண்டுபோறேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே மாடிப்படித் திருப்பத்தில் மாட்டச் சொன்னார். அங்கே வெளிச்சம் குறைவு. பலர் திரும்பிப் பார்க்காமல் ஏறினார்கள். ஒரு பத்திரிகை, 'முடிக்காத படம்' என்று ஒரு வரி எழுதியது. கூடை முடையும் ஒரு மலைக்கார அம்மாள் மட்டும் அதன் முன் நின்று, துடைத்த விரல் தடத்தைப் பார்த்து, "ஆருக்கு சுகமாச்சு?" என்று கேட்டாள். ராஜமணிக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவள் போனக்காட்டுக்குப் போய், அங்கிருந்து காட்டுப் பாதையில் நடந்து ஏறினாள். ஈச்சன் குடிசைக்கு வெளியே கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தான்.

"அழிச்சாச்சு, காணியண்ணே. இனி எதை எழுதலாம், எதைத் தொடக்கூடாதுன்னு கேட்டுட்டுப் போக வந்தேன்."

"ஒரு நாளில் தீராது."

"எல்லாச் சனிக்கிழமையும் வாறேன்."

ஈச்சன் சுட்ட கிழங்கு ஒன்றை இலையில் வைத்து அவள் பக்கம் நகர்த்தினான். அவள் தரையில் உட்கார்ந்தாள்.