அசைவு எப்படி இருக்கிறது?

இந்த இடுப்பை மட்டும் கழற்றிக் கொடியில் மாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் தூங்க முடிந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம். டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தவள் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். நிறைமாதக்காரி நினைக்கிற நினைப்பா இது என்று தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

ஏழாம் மாதத்தில் இடுப்பு மூட்டு தளர்ந்துபோனது. இப்போது முப்பத்தேழு வாரம். புரண்டு படுக்கக் கணவனை எழுப்ப வேண்டும். குளியலறைக்குப் போவதென்றால் சுவரைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிக்க வேண்டும். டாக்டர் போன முறையே பட்டென்று சொல்லிவிட்டார்: "வலி வர மருந்து வைக்கலாம்தான். ஆனா இப்பவே வெச்சா குழந்தைக்கு மூச்சு சிரமம் வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். முப்பத்தொன்பது வாரம் வரைக்கும் பொறுத்தா நல்லது. பிரஷர் ஏறினாலோ அசைவு குறைஞ்சாலோ மட்டும் காத்திருக்க மாட்டேன்."

கணவன் லிப்ட் மெக்கானிக். வெளியூரில் புதுக் கட்டடம் ஒன்றுக்கு வரும் திங்கட்கிழமை போயாக வேண்டும். போனால் மூன்று மாதம் திரும்ப முடியாது.

"இன்னும் ரெண்டு வாரம்னு அந்தம்மா சுலபமா சொல்லிடுவாங்க. புரள முடியாமக் கெடக்கறது அவங்களா, நீயா?" என்றாள் பக்கத்தில் இருந்த நாத்தனார்.

"நான்தான் அண்ணி."

"அப்புறம் என்ன? அசைவு கொறைஞ்ச மாதிரி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லு. இன்னிக்கே சேத்துக்குவாங்க. தம்பியும் பிள்ளை முகத்தைப் பாத்துட்டுப் போவான். என் மூணும் மருந்து வெச்சு வந்ததுங்கதான். என்ன கொறைஞ்சு போச்சு? வாய்தான் கொஞ்சம் நீளம்."

"அது மருந்தால வந்தது இல்லக்கா, பரம்பரை" என்றான் கணவன். பிறகு அவள் பக்கம் குனிந்தான். "நம்ம கம்பெனிக்குப் போன் பண்றவங்க வழிதானே? ஆள் உள்ள மாட்டியிருக்குன்னு சொல்ற மாதிரி."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு இடுப்பில் போய்க் குத்தியது.

அதே கம்பெனியில் புகார் தொலைபேசியை எடுப்பவள் அவள். லிப்ட் நின்றுவிட்டது என்றால் மறுநாள்தான் மெக்கானிக் போவார். ஆள் உள்ளே மாட்டிக்கொண்டார் என்றால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார். இது ஊருக்கே தெரிந்துபோயிற்று; உள்ளே ஆள் இல்லாவிட்டாலும் இருப்பதாகவே சொல்வார்கள். எத்தனையோ மாடி ஏறிப் போய்க் காலி லிப்ட் முன்னால் நின்று அவளைப் போனில் கூப்பிட்டுக் கத்தியிருக்கிறான் அவன். மறுமுறையும் அவனைத்தான் அனுப்புவாள். நிஜமாவா என்று அவளால் யாரிடமும் கேட்க முடிந்ததில்லை.

பொய் சொல்லக் கூசவில்லை அவளுக்கு. அதுதான் அவளுக்கே வியப்பு. வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"உனக்கு வலி எடுக்கும்போது நான் பக்கத்துல இருக்கணும்ல" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு. அக்காவின் பேச்சு தொடாத இடத்தை அது தொட்டது. அவளுக்கும் அவன் வேண்டும். அவன் கை வேண்டும்.

விலா எலும்புக்குக் கீழே பிள்ளை ஓர் உதை விட்டது. இதைப் பற்றி வெளியே சொல்ல உலகத்தில் அவளைத் தவிர ஆளில்லை. டாக்டர் அவளைத்தான் கேட்பார், அவள் சொல்வதைத்தான் நம்புவார். நாளைக்குப் பிள்ளை மூச்சுக்குத் திணறிக் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தால், மற்றவர்கள் விதி என்று சொல்லிக்கொள்ளலாம். அவளால் முடியாது.

நர்ஸ் கூப்பிட்டாள். கணவன் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனான். நாத்தனாரும் பின்னாலேயே வந்தாள்.

பிரஷர் சரியாக இருந்தது. டாக்டர் பட்டையைக் கழற்றியபடி கேட்டார். "அசைவு எப்படி இருக்கு?"

"நேத்துல இருந்து..." என்று நாத்தனார் ஆரம்பித்தாள்.

"அவங்க சொல்லட்டும்மா."

முழங்கையில் கணவனின் விரல்கள் லேசாக அழுத்தின. அவள் அவனைப் பார்க்கவில்லை.

"நல்லா அசையுது டாக்டர்."

விரல்கள் தளர்ந்தன. நாத்தனார் பெருமூச்சு விட்டாள்.

"அப்போ ரெண்டு வாரம் தாங்கிக்குவீங்களா?"

"தாங்குவேனான்னு தெரியல. வலிக்கு வேற ஏதாவது குடுங்க" என்றாள். "ஆனா அசைவு கொறையல."