யாருக்கும் இல்லாத ஜன்னல்

ஏரிக்கரை வீட்டின் இரண்டு நடுச்சுவர்களுக்கும் இடையில், கட்டும்போது ஒரு முழமே இருந்த சந்து, ஒன்பதாவது கோடையில் இரட்டைக் கட்டில் போடும் அளவுக்கு அகலமாகிவிட்டது. வீட்டின் வெளிச்சுவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. தரையில் ஒரு கீறல் இல்லை. அந்த வருஷம் சிமெண்டு விலை ஏறியது, மீன் விலை இறங்கியது, சந்து அகலமானது. ஊரில் மூன்றையும் ஒரே மூச்சில்தான் பேசினார்கள்.

வீட்டை வாங்கியவர்கள் இரண்டு சகலைகள். அக்காவைக் கட்டியவர் பல் டாக்டர், தங்கையைக் கட்டியவர் டயர் கடைக்காரர். கல்யாணமான நாளிலிருந்தே இருவருக்கும் ஆகாது. டயர் கடைக்காரர் கைகுலுக்கிவிட்டுப் போனதும் டாக்டர் எழுந்துபோய்க் கை கழுவுவார். அந்தக் குழாய்ச் சத்தம் காதில் விழுகிற தூரத்தில் நின்றுதான் டயர் கடைக்காரர் ஏப்பம் விடுவார். இதன் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவர்கள் அக்காவும் தங்கையும். அம்மா போன பிறகு இவளுக்கு அவள், அவளுக்கு இவள் என்று இருந்தவர்கள், எப்போதாவது ஒரு விசேஷ வீட்டு வாசலில் நின்று நாலு வார்த்தை பேசுவதோடு சரி. அதற்குள் ஏதாவது ஒரு கார் ஹார்ன் அடித்துவிடும். கொஞ்ச நாள் சேர்ந்து இருக்க வேண்டும், அவர்கள் கேட்டது அவ்வளவுதான். ஏரிக்கரையில் ஒரு கோடை வீடு விலைக்கு வருகிறது என்று தங்கை பேச்சை எடுத்ததே, வருஷத்தில் ஒரு மாதமாவது ஒரே கூரைக்குக் கீழே தூங்கி எழலாம் என்றுதான். ஆண்களின் எண்ணம் வேறு. ஒருவர் வாங்கினால் மற்றவர் அங்கே விருந்தாளியாகப் போய் நிற்க வேண்டி வரும். அந்தச் சிறுமையைத் தாங்க இருவருமே தயாராக இல்லை. அதனால் சேர்ந்து வாங்கினார்கள்.

வீட்டின் நடுவில் நீளமான கூடம். கூடத்தின் ஒரு கோடியில் சாலையைப் பார்த்த வாசல், மறுகோடியில் ஏரியைப் பார்த்த பெரிய ஜன்னல். அந்த வீட்டில் ஏரி தெரிகிற ஒரே இடம் அந்த ஜன்னல்தான். மற்றபடி ஏரிப்பக்கம் இருந்ததெல்லாம் சமையலறைகளும் குளியலறைகளும். முதல் கோடையின் முதல் காலையிலேயே ஜன்னலோரம் யார் நாற்காலி போடுவது என்று ஆரம்பித்தது. மாலைக்குள் கொத்தனாரைக் கூப்பிட்டுவிட்டார்கள். கூடத்தை நெடுக்காகப் பிரித்துச் சுவர் எழுப்பச் சொன்னார் டாக்டர். சகலையின் சுவரில் தன்னால் ஒரு ஆணிகூட அடிக்க முடியாது, தனக்குத் தனிச் சுவர் வேண்டும் என்றார் டயர் கடைக்காரர். சரி, ஆளுக்கொன்று. ஜன்னல் எந்தப் பக்கம் சேரும் என்று கேட்டார் கொத்தனார். அரை ஜன்னல் அவருக்குப் போகும் என்றால் எனக்கு ஜன்னலே வேண்டாம் என்று இருவரும் தனித்தனியாகச் சொன்னார்கள். வாசல் விஷயத்திலும் அதே பேச்சு. ஆக ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகச் சுவர்கள் எழுந்தன. ஜன்னலின் ஓரங்களைக்கூடச் செங்கல் மறைத்தது.

"நடுவுல ஒரு முழம் நிக்குதுங்களே, அது யாரோடது?" என்றார் கொத்தனார்.

"அவரோடது இல்ல. அது போதும்," என்றார் டாக்டர். டயர் கடைக்காரரும் அதையேதான் சொன்னார், சொல் மாறாமல். அவர்கள் வாழ்க்கையில் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். பிறகு ஆளுக்கொரு பக்கவாட்டுக் கதவு வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுப் படியை மிதிக்கக் கூடாது என்று அவரவர் மனைவிக்கு உத்தரவு போட்டார்கள்.

மனைவிகள் படியை மிதிக்கவில்லை. சந்துக்குப் படி கிடையாது. பழைய வாசல் வழியாக அக்கா துடைப்பத்தோடு நுழைந்தாள், தங்கை வாளியோடு நுழைந்தாள். "அவங்க ஆக்கிரமிச்சுடாம நான் பாத்துக்கறேங்க," என்று ஆளுக்கொரு தடவை சொல்லிவைத்திருந்தார்கள். கணவர்களுக்கு ஏகத் திருப்தி. நன்றாகப் பார்த்துக்கொள் என்று ஊக்கம் வேறு கொடுத்தார்கள். முதல் கோடை முழுக்கச் சகோதரிகள் அந்த ஒரு முழத்தில் முதுகு ஒரு சுவரிலும் முழங்கால் மறுசுவரிலும் பட நின்றபடியே டீ குடித்தார்கள், ஏரியைப் பார்த்தார்கள், சிரித்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட இருவருக்கும் தங்களைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்ற சந்தேகம் இருந்தது. அது நியாயமான சந்தேகம்.

தண்ணீர் மோட்டார் தகராறு நடந்த மறுநாள் சந்தில் ஒரு முக்காலி போட இடம் இருந்தது. டாக்டரின் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே டயர் கடைக்காரர் பழைய டயர்களை அடுக்கி, அதில் மழைநீர் தேங்கி, டாக்டர் கொசுக்கடியில் விழித்த வாரம் இரண்டு நாற்காலிகளுக்கு இடம் வந்தது. அடுத்த கோடையில் டாக்டர் ஒலிபெருக்கி வாங்கி சகலையின் பக்கம் திருப்பிவைத்து, விடிகாலையில் பங்குச்சந்தைச் செய்தி போட்டார். சந்தில் கட்டில் விழுந்தது. டயர்கள் எரிந்த வருஷம் அடுப்பு வந்தது. அங்கே கூடக்கூட இங்கே குறைந்தது. டாக்டரின் அலமாரிக் கதவு பாதி திறந்து சுவரில் இடித்தது. டயர் கடைக்காரர் இரட்டைக் கட்டிலை விற்று ஒற்றைக் கட்டில் போட்டார், பிறகு அதையும் விற்று பெஞ்சு போட்டார். மனைவிகளுக்குப் படுக்க இடமில்லாததால், அவர்கள் சந்தில் படுப்பதில் யாருக்கும் ஆட்சேபம் எழவில்லை. சகலை இரவோடு இரவாகச் சுவரைத் தள்ளுகிறான் என்று இருவரும் புகார் கொடுக்க, அளக்க வந்த கொத்தனார் நாடாவைச் சுருட்டிக்கொண்டு, "ரெண்டு சுவரும் வச்ச இடத்துலதான் இருக்கு. நடுவுலதான் இடம் அதிகமாயிருக்கு," என்று சொல்லிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போனார்.

டாக்டருக்கு விஷயம் புரியாமல் இல்லை. டயர் கடைக்காரர் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து, கோடைக்கு வராமல் தன் ஊரிலேயே தங்கிவிட்ட வருஷம் சண்டைக்கு ஆள் இல்லை. அந்த வருஷம் சந்து இம்மியும் அகலவில்லை. சும்மா இருந்தால் தன் இடம் மிஞ்சும் என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும், மறுவருஷம் சகலையின் கார் வந்து நின்றதும் முதல் வேலையாக ஒலிபெருக்கியைத் தூசு தட்டினார். வெறுப்புக்கு முன்னால் அலமாரியாவது கட்டிலாவது.

பத்தாவது கோடையில்தான் ஆபத்து வந்தது. ஒரு மதியம் டயர் கடைக்காரருக்குக் கடைவாய்ப்பல்லில் வலி கிளம்பியது. கன்னம் வீங்கி, கண் மூடி, வண்டி ஓட்டவும் முடியாமல், மனிதர் வேறு வழியில்லாமல் சகலையின் பக்கவாட்டுக் கதவைத் தட்டினார். டாக்டர் பையோடு வெளியே வந்தார். வெளிச்சத்துக்காகக் கரையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, பையிலிருந்து ஊசியையும் குறடையும் எடுத்து, பதமாகப் பிடுங்கினார். டயர் கடைக்காரர் ரத்தத்தைத் துப்பிவிட்டு, "வலிக்கவே இல்லையே, சகலை," என்றார். சகலை என்ற சொல்லை அவர் வாயால் கேட்பது டாக்டருக்கு அதுதான் முதல் முறை. கை கழுவக் கிளம்பியவர் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். மாலைவரை இருவரும் ஏரியைப் பார்த்தபடி டயர் விலை பற்றியும் வழுக்கை பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சந்தில் அடுப்பு மேடை விரிசல் விட்டது. கட்டிலின் சட்டம் இரண்டு சுவர்களுக்கு நடுவில் நெரிந்து முனகியது. தங்கை இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்தாள். காலையில் எட்டாத சுவர்கள் இரண்டும் இப்போது உள்ளங்கையில் பட்டன. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இவர்கள் சமாதானமானால் இந்த இடம் போய்விடும். பிறகு மறுபடியும் விசேஷ வீட்டு வாசல், மறுபடியும் ஹார்ன்.

அக்கா துண்டில் கை துடைத்துக்கொண்டு புருஷனிடம் போனாள். "என்னங்க, நல்ல பல்லைப் பிடுங்கிட்டீங்கன்னு உங்க சகலை படகுக்காரர்கிட்டச் சொல்றாராம்." தங்கை அந்தப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் தயங்கி நின்றாள். பிறகு சொன்னாள்: "உங்க வாய் நாத்தத்துல மயக்கமே வந்துடுச்சுன்னு அக்காகிட்டச் சொன்னாராம். கையை மூணு தடவை கழுவினாராம்."

இருட்டுவதற்குள் நாற்காலி ஒன்று ஏரியில் மிதந்தது. குறடு அதன் பின்னாலேயே போய் மூழ்கியது. சந்து விரிந்த வேகத்தில் டாக்டரின் அலமாரி பக்கவாட்டுக் கதவு வழியாகத் தானாக வெளியே வந்து விழுந்தது.

"அக்கா, இது பாவமில்லையா?" என்று கேட்டாள் தங்கை.

"பாவந்தான்டி," என்றாள் அக்கா. "அந்த ஜன்னலை நல்லாத் திற."

இப்போது அந்த வீடு முழுக்கச் சந்துதான். நடுச்சுவர்கள் இரண்டும் வெளிச்சுவர்களோடு ஒட்டிப்போய்விட்டன. ஜன்னலை மறைத்த செங்கல் விலகி, கண்ணாடி முழுசாகத் தெரிகிறது. ஒவ்வொரு கோடையும் சகோதரிகள் பெட்டியை இறக்கும் முன்பே ஆளுக்கொரு வார்த்தையைப் புருஷன் காதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். தங்கைக்கும் இப்போது தயக்கம் இல்லை. டாக்டர் கிழக்குச் சுவரோரம் மடக்கு நாற்காலியில், டயர் கடைக்காரர் மேற்குச் சுவரோரம் டயர் மேல், எதிரெதிர்த் திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். ராத்திரி அவரவர் காரில் தூங்குகிறார்கள். வேளாவேளைக்குத் தட்டு வருகிறது. விற்றால் மற்றவன் வாங்கிவிடுவான் என்பதால் யாரும் விற்பதில்லை.

படகுச் சவாரிக்கு வருகிறவர்கள் அந்த விளக்கு வெளிச்சத்தையும் சிரிப்பையும் கவனித்து, யார் வீடு என்று கேட்பது வழக்கம். படகுக்காரர் துடுப்பால் வெளியே உட்கார்ந்திருக்கும் இருவரையும் காட்டி, "அவங்க ரெண்டு பேரோடது," என்பார்.

"அப்போ உள்ளே இருக்கறது?"

"அது யாரோடதும் இல்லீங்க," என்பார் அவர். "அங்க அக்காவும் தங்கச்சியும் இருக்காங்க."